பேப்பர் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனவர்களின் கணக்குப் புத்தகம்

பேப்பர் போட்டுவிட்டு, அதாவது வேலையை விட்டுவிட்டு, உலகம் சுற்றக் கிளம்பிய யாரைப் பற்றியாவது படிக்க நேர்ந்தால் அதில் நான் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: காசு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அந்த வரி இருக்காது. ஒரு மாலை நேரம், ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மழை, மனதில் ஏதோ தெளிவு, அடுத்த பத்தியில் ஆள் லடாக்கில் நிற்பார். நடுவில் 90 நாள் நோட்டீஸ் பீரியட், வீட்டுக் கடன், அப்பாவின் மாத்திரைச் செலவு, தங்கை கல்யாணத்துக்குப் போட்ட சீட்டு என்று ஒரு மலையே இருந்திருக்கும், அதை எப்படித் தாண்டினார் என்பதைத்தான் சொல்ல மாட்டார். லடாக் கணவாயைத் தாண்டியதை மட்டும் விலாவாரியாகச் சொல்வார்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் மெயில் பெட்டியிலும் ஒரு ராஜினாமாக் கடிதம் மூன்று வருடமாக டிராப்டில் கிடந்தது. அந்த நாட்களில்தான் இந்த மாதிரி ஆட்களின் வரவு செலவைத் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன், அப்படித் தோண்டியதில் கணக்கு முழுவதும் வெளியே தெரிகிற ஓர் இடம் கிடைத்தது. கடல். குறிப்பாக 1968இல் பிரிட்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை அறிவித்த கோல்டன் குளோப் பந்தயம். தனி ஆளாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வர வேண்டும். அதுவரை யாரும் செய்யாத காரியம். ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை எந்த நாளிலும் கிளம்பலாம், முதலில் வருபவருக்குக் கோப்பை, குறைந்த நாட்களில் சுற்றி வருபவருக்கு 5,000 பவுண்டு. ஒன்பது பேர் கிளம்பினார்கள். ஒருவர்தான் முடித்தார்.

அந்த ஒன்பது பேரில் நம் கதைக்கு மிக நெருக்கமானவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். பிறந்தது டில்லிக்குப் பக்கத்தில் காஜியாபாத்தில், 1932இல். அப்பா இந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர். குடும்பத்தின் சேமிப்பைப் போட்ட விளையாட்டு உபகரணத் தொழிற்சாலை பிரிவினைக் கலவரத்தில் எரிந்துபோனது. இங்கிலாந்துக்குத் திரும்பிய மகன் விமானப்படை, தரைப்படை இரண்டையும் பார்த்துவிட்டு, கடலில் திசை காட்டும் ஒரு சின்ன ரேடியோக் கருவியைச் செய்து விற்கும் கம்பெனி நடத்தினார். கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. மனைவி, நான்கு குழந்தைகள். வார இறுதியில் படகு ஓட்டிய அனுபவம்தான் கையிருப்பு.

தொழில் இறங்குமுகத்தில் இருக்கும்போது மனிதனுக்கு ஒரு பெரிய பயணம் ஏன் கவர்ச்சியாகத் தெரிகிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஜெயித்தால் பரிசு, விளம்பரம், கருவிக்கு நல்ல விற்பனை. அவருக்குப் பணம் போட்டவர் கேரவன் வண்டி வியாபாரியான ஸ்டான்லி பெஸ்ட். ஒப்பந்தத்தில் ஒரு பிடி இருந்தது: பாதியில் கைவிட்டால் படகைக் குரோஹர்ஸ்ட் தரப்பே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். வீடும் அடமானத்தில். அதாவது கரையை விட்டுக் கிளம்பும்போதே திரும்பி வரும் கதவு பூட்டப்பட்டுவிட்டது.

படகு டிரைமரன் வகை, மூன்று மிதவைகள் சேர்ந்தது. (இந்த 'மரன்' நம் கட்டுமரத்தின் வால்தான், அது வேறு கதை.) அவசரத்தில் கட்டியது, வேலை முடியவில்லை, ஆனாலும் கடைசித் தேதியான அக்டோபர் 31 அன்று டீன்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது, தண்ணீர் கசிகிற இந்தப் படகு தென்கடலின் அலைகளைத் தாங்காது என்று. முன்னால் போனால் சாவு, பின்னால் வந்தால் திவால். குரோஹர்ஸ்ட் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார்: அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்த் தகவல் அனுப்புவது. டிசம்பரில் ஒரே நாளில் 243 கடல் மைல் ஓடியதாக அவர் அனுப்பிய செய்தியைப் பத்திரிகைகள் சாதனை என்று கொண்டாடின. நிஜத்துக்கு ஒரு நாள்குறிப்பு, பொய்க்கு ஒன்று. மார்ச்சில் விதியை மீறி அர்ஜென்டினாக் கரையில் ஒதுங்கி ரிப்பேர்கூடப் பார்த்தார்.

பொய்யின் கூலியை முதலில் கொடுத்தவர் வேறு ஒருவர். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நைஜல் டெட்லி, கிட்டத்தட்ட உலகைச் சுற்றி முடித்து அட்லாண்டிக்கில் ஏறி வந்துகொண்டிருந்தவர், பின்னால் குரோஹர்ஸ்ட் துரத்துகிறார் என்று நம்பி, ஏற்கெனவே நைந்துபோன படகை விரட்டினார். 1969 மே மாதம் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே அது மூழ்கியது. இப்போது குரோஹர்ஸ்டுக்கு இன்னும் சிக்கல்: அவர்தான் பரிசுக்குரியவராக வந்து நிற்பார், நாள்குறிப்பை நிபுணர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். ஜூலை 1 அன்று அவருடைய கடைசிக் குறிப்பு. ஜூலை 10 அன்று ஒரு கப்பல் அந்தப் படகைக் கண்டது, ஆள் இல்லை.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒப்பந்தத்தில் 'முடியாவிட்டால் திரும்பி வா, பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்திருந்தால் நவம்பரிலேயே வெட்கப்பட்டுக்கொண்டு வீடு திரும்பியிருப்பார், உலகம் அவரை மறந்திருக்கும், நான்கு பிள்ளைகளுக்கு அப்பா இருந்திருப்பார்.

சரி, முடித்தவர் யார்? ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத் துறைமுகத்தில் கிளம்பி 1969 ஏப்ரல் 22 அன்று அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார், 312 நாள். அவருடைய சுஹைலி, 32 அடி தேக்குப் படகு, நம் பம்பாயில் கட்டப்பட்டது. அங்கிருந்து இங்கிலாந்து வரை அவரே ஓட்டிப் போனார், ஆக பந்தயம் தொடங்கும்போது படகின் ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும். தொழில்? வணிகக் கப்பல் அதிகாரி. நட்சத்திரத்தைப் பார்த்து இடம் கணிப்பது, புயல் வரும் திசையை மோப்பம் பிடிப்பது எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றவை. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு மரப்பெட்டியில் ஏறிய பைத்தியம். உள்ளே போய்ப் பார்த்தால் அதே வேலையைத்தான் சின்ன கப்பலில் தனியாகச் செய்திருக்கிறார். பிறகு அந்த 5,000 பவுண்டை அவர் குரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

மூன்றாமவர்தான் எல்லோருக்கும் பிடித்தவர், பெர்னார் மொய்தேசியே. ஹனோயில் பிறந்த பிரெஞ்சுக்காரர். தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைத் தாண்டி, வேகப் பரிசு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, இங்கிலாந்துக்குத் திரும்பப் போவதில்லை என்று முடிவெடுத்து மறுபடியும் கிழக்கே திரும்பினார். 1969 மார்ச்சில் தென்னாப்பிரிக்கக் கரையோரம் போன ஒரு கப்பலின் மேல்தளத்துக்குக் கவண் வில்லால் ஒரு செய்தியை எறிந்துவிட்டு, பாதி உலகத்தை இரண்டாம் முறை சுற்றி ஜூன் மாதம் பசிபிக் தீவான தாஹித்தியில் இறங்கினார். கடலில் தான் சந்தோஷமாக இருப்பதாலும், ஒருவேளை தன் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் இப்படிப் போவதாக எழுதியிருந்தார். பரிசு, பணம், புகழ் எல்லாவற்றையும் உதறியவர் என்று இன்றுவரை இந்த வாழ்க்கைக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் அவரைக் காட்டுவார்கள்.

ஆனால் பிரான்சில் அவருக்கு மனைவி இருந்தார், பிரான்சுவாஸ். காத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்துக் கணக்கை யாரும் அவ்வளவு விரிவாக எழுதவில்லை. அப்புறம், மொய்தேசியே முற்றிலும் பணத்தை வெறுத்தவரும் அல்ல, பணத்தைக் குறைவாகத் தேவைப்படச் செய்துகொண்டவர். முந்தைய படகுகள் உடைந்து கையில் ஒன்றுமில்லாமல் நின்றபோது தன் பயணங்களைப் புத்தகமாக எழுதினார், அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரு பட்டறைக்காரர் கிட்டத்தட்ட இரும்பின் விலைக்கே அவருக்குப் படகின் உடலைக் கட்டிக் கொடுக்க முன்வந்தார், அப்படி வந்ததுதான் பந்தயத்தில் அவர் ஓட்டிய ஜோஷுவா. எழுத்து அவருக்கு வேலை. வாசகர்கள் முதலாளி. மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 'வேலையை விட்டேன்' என்று சொல்கிற பலர் வேலையை விடவில்லை, முதலாளியை மாற்றியிருக்கிறார்கள். அதே பந்தயத்தில் கிளம்பி வழியில் விலகிய சே பிளைத், 1970-71இல் காற்றுக்கு எதிர்த்திசையில் உலகைச் சுற்றினார். அந்தப் படகின் பெயர் என்ன தெரியுமா? 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. செலவு செய்த இரும்பாலையின் பெயர். நெற்றியிலேயே கம்பெனிப் பெயரை ஒட்டிக்கொண்டு சுதந்திரமாகச் சுற்றினார்.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். அபிலாஷ் டோமி, கேரளத்துக்காரர், 2000இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த விமானி. 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து மாதேயி என்ற படகில் தனியாகக் கிளம்பி, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் 31 அன்று மும்பைக்கே திரும்பினார். அப்படிச் செய்த முதல் இந்தியர். கவனியுங்கள், அப்போது அவர் வேலையை விடவில்லை. அது கடற்படையின் சாகர் பரிக்ரமா திட்டம், படகும் கடற்படையுடையது, அவர் பணியில் இருக்கிற அதிகாரி. நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய தனிமனிதக் கடல் சாகசம் ஓர் அரசு உத்தியோகத்துக்குள் நடந்தது.

2018இல், பழைய பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி அதே பெயரில் மறுபடியும் ஒரு பந்தயம் நடந்தது. விதி கடுமையானது: பழைய பாணிப் படகு, ஜி.பி.எஸ். கிடையாது, சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அபிலாஷ் கோவாவில் கட்டிய, சுஹைலியின் நகலான துரியாவில் போனார். மூன்றாவது இடத்தில் இருந்தார். செப்டம்பர் 21, தென் இந்தியப் பெருங்கடலில் புயல், படகு புரண்டு பாய்மரம் முறிந்தது, விழுந்ததில் முதுகெலும்பு உடைந்து அசையக்கூட முடியாமல் படுக்கையில் கிடந்தார். கைக்கு எட்டிய கருவியில் சின்னச் சின்னச் செய்திகளாக அனுப்பினார். அதே புயலில் தன் பாய்மரத்தையும் இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின் தற்காலிகப் பாய் கட்டி அவரை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தார். கடற்படை விமானம் தேடி வந்து படகைப் பார்த்தது. மூன்றாம் நாள் ஓசிரிஸ் என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் அவரை மீட்டு அதே பெருங்கடலில் உள்ள ஆம்ஸ்டர்டாம் தீவில் சேர்த்தது. அங்கிருந்து ஐ.என்.எஸ். சத்புரா போர்க்கப்பல் போய்க் கூட்டி வந்தது. முதுகில் டைட்டானியம் தண்டுகள் வைத்து அறுவை சிகிச்சை, நடையை மறுபடி பழக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் பேப்பர் போட்டார். 2021 தொடக்கத்தில் கடற்படையிலிருந்து வெளியே வந்தார், மறுபடி அதே பந்தயத்துக்குப் போவதற்காக. இங்கே ஒரு தகவலைப் பக்கத்தில் வைக்கிறேன்: முப்படை அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 20 ஆண்டு பணி வேண்டும். இவர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை, அது அவர் மனதுக்குத்தான் தெரியும். ஆனால் இந்தக் கதையைப் படித்துவிட்டு நான்கு வருட அனுபவத்தில் கடிதம் எழுத உட்காருகிற தம்பிகள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வூதியத்தில் உலகப் பந்தயப் படகு வாங்க முடியாது. ஆதரவு தருகிறவர் கிடைக்க இழுத்துக்கொண்டே போனது, கடைசியில் அபுதாபியைச் சேர்ந்த பயானத் என்ற கம்பெனி முன்வந்தது. படகின் பெயர்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். பயானத்தான். 2022 செப்டம்பர் 4 அன்று பிரான்சிலிருந்து 16 பேர் கிளம்பினார்கள், எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூவர். 2023 ஏப்ரல் 29 அன்று, 236 நாள் பயணத்துக்குப் பிறகு, அபிலாஷ் இரண்டாவதாக வந்தார். இரண்டு நாள் முன்னால் வந்து ஜெயித்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷேஃபர், இந்த மாதிரி உலகப் பந்தயத்தில் முதலிடம் பிடித்த முதல் பெண். அவருக்கு விட்டு வர ஆபீஸே கிடையாது. இளம் வயதில் ஐரோப்பாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை சைக்கிளில் வந்தவர், பிறகு பிழைப்பே அடுத்தவர் படகுகளைக் கடல் கடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது. தொழிலையே அப்படித் தேர்ந்தெடுத்துவிட்டால் பேப்பர் போடுகிற பிரச்சினையே இல்லை.

படகெல்லாம் பணக்கார விவகாரம், சைக்கிளில் போகலாமே என்பீர்கள். போகலாம். ஜெர்மனியின் ஹோவெல்ஹோஃப் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹைன்ஸ் ஷ்டூக்கே, பட்டறைத் தொழிலாளி, 1962இல் தன் 22 வயதில் ஒரு மூன்று கியர் சைக்கிளில் கிளம்பினார். ஊர் திரும்பி உட்கார்ந்தது அரை நூற்றாண்டு கழித்து. ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். தன் பயணத்தைப் பற்றிய சிறு புத்தகத்தையும் படங்களையும் வழியெல்லாம் விற்றே சாப்பிட்டார். சைக்கிள் பல தடவை திருடு போனது. கல்யாணம், வீடு, பிள்ளை எதுவும் இல்லை. இதுவும் ஒரு விலைதான், அவர் தெரிந்தே கொடுத்தார்.

இப்போது நம் கணக்கு. ஷ்டூக்கே கையில் இருந்த பாஸ்போர்ட்டும் நம் கையில் இருப்பதும் ஒன்றல்ல. இந்தியப் பாஸ்போர்ட்டில், பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்து ஒன்றாகத் தருகிற ஷெங்கன் விசாவுக்குப் போனால் கேட்கிற காகிதங்களைப் பாருங்கள்: வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, பே ஸ்லிப், 'இவர் எங்களிடம் வேலை செய்கிறார், விடுப்பு கொடுத்திருக்கிறோம்' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அமெரிக்கச் சுற்றுலா விசாவில் சட்டப்படியே அதிகாரி உங்களை அங்கேயே தங்கிவிட நினைப்பவராகத்தான் முதலில் கருத வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஊரில் உங்களைக் கட்டி வைத்திருக்கிற கயிறு எது என்று கேட்கிறார்கள். அந்தக் கயிற்றைத்தானே போன வாரம் அறுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வெள்ளைக்காரப் பயணிக்கு வேலை ஒரு சுமை, இறக்கி வைத்துவிட்டுப் போகிறான். நமக்கு வேலையே பாதி விசா. திரைகடல் ஓடித் திரவியம் தேடப் போகிறவனை நம் வீட்டிலும் சரி, தூதரகத்திலும் சரி, புரிந்துகொள்கிறார்கள். இருக்கிற திரவியத்தைச் செலவழிக்கத் திரைகடல் ஓடுகிறவனைத்தான் இரண்டு இடத்திலும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் இதனால்தான் நீண்ட காலம் செல்லுபடியாகிற விசாக்களைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வேலையை விட்ட பிறகு, இன்னும் வேலையில் இருப்பதாக நண்பன் கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள், அது பொய் ஆவணம், மாட்டினால் வருடக்கணக்கில் அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. சேமிப்பைக் காட்டி, வரிக் கணக்கைக் காட்டி, வேலையில் இல்லை என்று நேராக எழுதிக் கேட்பது மெதுவான வழி, ஆனால் தூக்கம் வரும். சொந்த பைக்கில் நாடு நாடாகப் போகிறவர்களுக்குப் பல நாடுகளில் கூடவே கார்னெட் என்று ஒரு காகிதம் வேண்டியிருக்கும். வண்டியை அங்கே விற்றுவிட மாட்டோம் என்று சுங்கத்துறைக்குத் தருகிற உத்தரவாதம் அது, அதற்கு வண்டி விலையை ஒட்டி ஒரு தொகையை ஈடாகக் கட்டி வைக்க வேண்டும், வண்டி ஊர் திரும்பும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

விடுகிற தேதிக்கும் ஒரு விலை உண்டு. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தருகிற பணிக்கொடை, கிடைக்கப் பொதுவாக ஐந்து ஆண்டு முடிய வேண்டும். அதே ஐந்து ஆண்டு முடியாமல் பி.எஃப். பணத்தை எடுத்தால் வரி வரும். பி.எஃப். கூட வருகிற பென்ஷனுக்கு 10 ஆண்டு. நாலே முக்கால் வருடத்தில் மழையைப் பார்த்துத் தெளிவு வந்தால், இன்னும் மூன்று மாதம் அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்பேன்.

கடைசியாக, நான் டிராப்டை அனுப்பாமல் வைத்திருந்ததற்கு நிஜக் காரணம் மருத்துவக் காப்பீடு, வீரமாகச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. கம்பெனி கொடுக்கிற குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடும், அதில் அம்மாவும் அப்பாவும் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து. தனியாகப் புதுப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஆகவே பேப்பர் போடுவதற்கு வருடங்களுக்கு முன்பே சொந்தப் பாலிசியை ஓட விட்டிருக்க வேண்டும், நான் விட்டிருக்கவில்லை. பயணக் காப்பீடு தனி. அதில் சாகசம் என்று எதையெல்லாம் விலக்கி வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் பாலிசியின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். மலையேற்றம் என்றால் எத்தனை மீட்டர் உயரம் வரை, மேலே மாட்டிக்கொண்டால் ஹெலிகாப்டர் செலவு யாருடையது என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அபிலாஷுக்குப் போர்க்கப்பல் வந்தது, அவர் அப்போது இன்னும் கடற்படையில் இருந்தார்.